வாசகர் கேள்வி – பதில்: சதுசேயர் யார், எதை நம்பினர்?

சென்ற இதழில் சாக்கடல் சுருள்களைப் பற்றிய பதிலில் சதுசேயர் என்னும் பழைய யூதப் பிரிவினரின் பெயர் இடம்பெற்றிருந்தது. அவர்களைப் பற்றி மட்டுமே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியுள்ளோம்.

ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண்ணைப் பற்றிச் சதுசேயர் இயேசுவிடம் கேட்ட பகுதியை ஞாயிறு திருப்பலியில் கேட்டேன். உயிர்த்தெழுதலே இல்லை என்றவர்கள் எப்படிக் கோவிலில் குருக்களாக இருக்க முடிந்தது? அவர்கள் நாத்திகர்களா?
– இல்லத்தரசி ஒருவர், எலத்தகிரி

நாத்திகர்கள் அல்லர், அம்மா. எருசலேம் கோவிலில் நாள்தோறும் காலையும் மாலையும் பலி செலுத்திய குருத்துவக் குலங்களில் செல்வமும் செல்வாக்கும் மிகுந்த குடும்பங்களோடு நெருங்கிய தொடர்புடையவர்கள் அவர்கள். குருக்கள் எல்லாரும் சதுசேயர் அல்லர். சதுசேயர் எல்லாரும் குருக்களும் அல்லர். ஆனால் தலைமைக் குருவும் அவரைச் சூழ்ந்திருந்தோரும் சதுசேயக் கட்சியினர் என்று திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. கடவுளையோ, மோசே வழி வந்த சட்டத்தையோ, கோவில் வழிபாட்டையோ அவர்கள் மறுக்கவில்லை. இறப்புக்குப் பின்னும் உயிர் தொடரும், உடல் மீண்டும் எழும், அங்கே நல்லவர்க்குப் பரிசும் தீயவர்க்குத் தண்டனையும் காத்திருக்கின்றன என்பதை மட்டுமே மறுத்தனர்.

இதைப் புதுமையான மறுப்பு என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மை நேர்மாறானது என்பதே என் உறுதியான கருத்து. இஸ்ரயேல் மக்களின் பழைய நம்பிக்கையில், இறந்தவர் நல்லவரானாலும் தீயவரானாலும் பாதாளம் என்னும் நிழலுலகுக்கே செல்கிறார். அங்கே கடவுளைப் போற்றுவோர் எவருமில்லை என்று 6ஆம் திருப்பாடல் முறையிடுகிறது. ஆபிரகாமுக்குக் கடவுள் அளித்த வாக்குறுதிகளை எண்ணிப் பாருங்கள்: நிலம், எண்ணற்ற வழிமரபினர், பெரும் புகழ். சட்டத்தைக் கடைப்பிடிப்போருக்கு ஐந்நூல், அதாவது விவிலியத்தின் முதல் ஐந்து நூல்கள், உறுதியளிப்பவையும் பருவமழை, விளைச்சல், நாட்டில் நீடித்த வாழ்வு ஆகிய இவ்வுலக நன்மைகளே. அந்தப் பழைய நிலையில் உறுதியாக நின்றவர்கள் சதுசேயர்.

உயிர்த்தெழுதல் நம்பிக்கை யூதரிடையே வேரூன்றியதற்குக் கொடிய காரணம் ஒன்று உண்டு. கி.மு. 167 முதல் 164 வரை அந்தியோக்கு எப்பிபான் என்னும் செலூக்கிய மன்னன் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தி, விருத்தசேதனம் செய்வோரையும் ஓய்வுநாள் காப்போரையும் கொன்றான். சட்டத்தைக் காத்தால் நீடித்து வாழலாம் என்றிருந்த மக்களின் கண்முன்னே, சட்டத்தைக் காத்ததற்காகவே இளைஞர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுக்குரிய நீதி எங்கே கிடைக்கும்? மண்ணின் புழுதியில் உறங்குவோர் விழித்தெழுவர் என்னும் தானியேல் 12ஆம் அதிகார வாக்கு இந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதே பெரும்பாலான அறிஞரின் முடிவு. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஏழு சகோதரர், கடவுள் தங்களை மீண்டும் எழுப்புவார் என்று சொல்லிக்கொண்டே தாயின் கண்முன் உயிர்விடுகின்றனர். முன்னோரின் வாய்வழி மரபையும் போற்றிய மற்றொரு யூதப் பிரிவினரான பரிசேயர் இந்த நம்பிக்கையை மனமார ஏற்றனர், சதுசேயர் ஏற்கவில்லை.

இனி, நீங்கள் கேட்ட பகுதிக்கு வருவோம். பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை அவனுடைய சகோதரன் மணந்து, இறந்தவனின் பெயர் அழியாமல் காக்கவேண்டும் என்பது இணைச்சட்டம் 25ஆம் அதிகாரத்தின் கட்டளை. சதுசேயரின் வாதம் இதன்மேல்தான் நிற்கிறது: மோசேயே இப்படிக் கட்டளையிட்டிருக்க, உயிர்த்தெழும் நாளில் அப்பெண் எழுவருள் யாருக்கு மனைவியாக இருப்பாள்? பதில் சொல்லும்போது இயேசு தானியேல் நூலை எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் நானே' என்று எரியும் முட்செடியிலிருந்து மோசே கேட்ட சொற்களை, அதாவது விடுதலைப் பயணம் 3ஆம் அதிகாரத்தை எடுக்கிறார். எதிரிலிருந்தவர்கள் எந்த நூலை மறுக்க முடியாதோ, அந்த நூலிலிருந்தே விடை வருகிறது.

இதைக்கொண்டு, சதுசேயர் இறைவாக்கினர் நூல்களை முற்றிலும் தள்ளிவிட்டனர் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒரிஜன் போன்ற பிற்காலத் திருச்சபைத் தந்தையர் அவ்வாறு எழுதினர். ஆனால் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியரான யோசேப்பஸ் சொல்வது, எழுதப்பட்ட சட்டம் மட்டுமே கட்டுப்படுத்தும், முன்னோர் வாய்வழி விட்டுச்சென்ற மரபுகள் கட்டுப்படுத்தா என்று அவர்கள் கொண்டனர் என்பது மட்டுமே.

சதுசேயர் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று இல்லையாம். அப்படியானால் அவர்களைப் பற்றி நாம் அறிந்தவை எல்லாம் யாருடைய சொற்கள்?
– வரலாற்று மாணவி ஒருவர், அரூர்

மாற்றுத் தரப்பினரின் சொற்கள். சதுசேயரைப் படிக்கும் எவரும் முதலில் மனத்தில் இருத்தவேண்டியது இதுவே. யோசேப்பஸ் குருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர் எனினும், பரிசேயர், சதுசேயர், எசேனியர் என்னும் மூன்று யூதப் பிரிவுகளையும் ஆராய்ந்துவிட்டுத் தம் 19ஆம் வயதில் பரிசேயர் நெறியைப் பின்பற்றத் தொடங்கியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். நற்செய்தியாளர்களுக்குச் சதுசேயர் இயேசுவின் எதிராளிகள். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவோ பரிசேயரின் வழிவந்த ரபிகளின் (யூதச் சட்ட ஆசிரியர்களின்) சட்டத் தொகுப்பு நூல்.

இருந்தும், மிஷ்னா பதிந்துள்ள வழக்குகளில் அவர்களுடைய குரல் சற்றே கேட்கிறது. 'பரிசேயரே, உங்கள்மீது எங்களுக்குக் குறை உண்டு' என்று தொடங்கிச் சதுசேயரின் வாதங்களை அது அடுக்குகிறது. தூய பாத்திரத்திலிருந்து தீட்டான பாத்திரத்துக்கு நீரை ஊற்றும்போது, கீழேயுள்ள தீட்டு அந்த நீர்த்தாரை வழியாக மேலேறி மேல்பாத்திரத்தையும் பற்றுமா என்பது ஒரு வழக்கு. பற்றாது என்றனர் பரிசேயர். சதுசேயர் அதற்காக அவர்களைக் குறைகூறினர். சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானின் நான்காம் குகையில் துண்டுதுண்டாகக் கிடைத்த மடல் ஒன்று இதே கேள்வியில் சதுசேயரின் பக்கமே நிற்கிறது. கும்ரான் குழுவினரை எசேனியர் என்றே பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர். மறுவாழ்வு, விதி ஆகியவற்றில் எசேனியரும் சதுசேயரும் எதிரெதிர்த் துருவங்கள். அப்படியிருந்தும் தூய்மைச் சட்டத்தில் இருவரும் ஒரே பழைய குருத்துவ மரபிலிருந்து வந்திருக்கக்கூடும் என்னும் எண்ணத்தை அம்மடலே வலுப்படுத்தியது.

என்னை மிகவும் பாதித்த பதிவு பாவக்கழுவாய் நாளைப் பற்றியது. ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஒரு நாளில் மட்டும், தலைமைக் குரு தனியாகக் கோவிலின் உள்ளறையான திருத்தூயகத்துக்குள் நுழைவார். லேவியர் 16ஆம் அதிகாரம் ஓரிடத்தில் கடவுள் மேகத்தில் தோன்றுவார் என்கிறது. மற்றோரிடத்தில் ஆண்டவர் திருமுன் நெருப்பின்மேல் நறுமணத் தூளைப் போடவேண்டும் என்கிறது. முதல் வரியைச் சதுசேயர் பிடித்துக்கொண்டனர்: புகைமேகம் முன்னரே எழுந்திருக்கவேண்டும், ஆகவே திரைக்கு வெளியிலேயே தூளைக் கனல்மேல் இட்டுப் புகையோடு உள்ளே செல்லவேண்டும் என்றனர். உள்ளே சென்ற பிறகே இடவேண்டும் என்றனர் பரிசேயர். உள்ளே அவர் என்ன செய்கிறார் என்பதை வேறு எவரும் பார்க்க முடியாது. எனவே அந்நாளுக்கு முன், தாங்கள் சொன்னதில் எதையும் மாற்றமாட்டேன் என்று மூப்பர்கள் அவரிடம் ஆணை வாங்கினர். ஆணையிட்டபின் அவர் முகத்தைத் திருப்பி அழுவார், அவர்களும் முகத்தைத் திருப்பி அழுவர் என்று மிஷ்னா எழுதி வைத்திருக்கிறது. தாம் சதுசேயராக இருக்கலாம் என ஐயுற்றார்களே என்று அவர் அழுதார், குற்றமற்றவரை ஐயுற்றோமோ என்று அவர்கள் அழுதனர் என்பது பிற்கால ரபிகளின் பெருந்தொகுப்பான தல்மூதின் விளக்கம்.

பதவியில் இருந்த சதுசேயரும் பரிசேயரின் சொற்படியே நடக்க நேர்ந்தது, இல்லையேல் மக்கள் பொறுத்திருக்கமாட்டார்கள் என்று யோசேப்பஸ் எழுதுவதை இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். இருவருமே தம் தரப்பை உயர்த்திச் சொல்லும் வாய்ப்பு இருப்பதால், இச்சொற்களைச் சற்றே குறைத்துக் கொள்வதும் நல்லது.

மல்லச்சந்திரம் கல்திட்டைகளுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, மறுவாழ்வில் நம்பிக்கை இருந்ததால்தான் இத்தனை பெரிய ஈமச்சின்னங்களை எழுப்பினர் என்று விளக்கினேன். மறுவாழ்வை மறுத்த சதுசேயர் தங்கள் இறந்தோரை எப்படி அடக்கம் செய்தனர்?
– ஆசிரியர் ஒருவர், கிருஷ்ணகிரி

1990 நவம்பரில் எருசலேமின் தென்பகுதியில் கட்டுமானப் பணியின்போது பாறையில் குடைந்த கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அதனுள் சுண்ணாம்புக் கல்லால் ஆன 12 எலும்புப் பேழைகள் இருந்தன. அக்காலத்து எருசலேமில் வசதியுள்ளோர் உடலை முதலில் குகையில் கிடத்தி, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, சதை அழிந்தபின் எலும்புகளைச் சேகரித்து இத்தகைய பேழையில் இடுவது வழக்கம். அக்கல்லறையின் பேழைகளுள் ஒன்று முக்கால் மீட்டர் அளவு நீளம் கொண்டது. வட்டங்களுக்குள் பூக்கள் நெருக்கமாகச் செதுக்கப்பட்ட மிக அழகிய வேலைப்பாடு. அதன் பக்கத்தில் மட்டும், ஆணியால் கீறியது போன்ற செப்பமற்ற எழுத்தில், 'கயபாவின் மகன் யோசேப்பு' என்னும் பொருள்படும் பெயர் இருமுறை கீறப்பட்டுள்ளது. உள்ளே கிடந்த ஆறு பேரின் எலும்புகளில் ஏறத்தாழ 60 வயது ஆண் ஒருவருடையவையும் இருந்தன. கி.பி. 18 முதல் 36 வரை தலைமைக் குருவாக இருந்து, இயேசுவை விசாரித்த கயபாவின் முழுப்பெயர் யோசேப்பு என்று யோசேப்பஸ் குறிப்பிடுகிறார். அவர்தாம் இவர் என்று பலர் ஏற்கின்றனர், ஐயுறுவோரும் உண்டு.

எலும்புகளைத் தனியே சேகரிக்கும் வழக்கத்தை உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் அடையாளமாக முன்பு சில ஆய்வாளர் விளக்கினர்: சதை அழிவதோடு பாவமும் நீங்குகிறது, தூய எலும்புகள் எழுப்புதலுக்குக் காத்திருக்கின்றன என்றனர். அதே வழக்கம் சதுசேயச் சூழலில் வாழ்ந்த தலைமைக் குருவின் குடும்பத்திலும் இருந்தது என்றால் அந்த விளக்கம் தளர்ந்துபோகிறது. இன்னொன்று: அதே கல்லறையில் 'சீமோனின் மகள் மிரியாம்' என்று பெயர் பொறித்த பேழையில் ஒரு மண்டையோட்டுக்குள் முதலாம் அகிரிப்பா மன்னரின் காலத்து நாணயம் கிடந்தது. மறுகரை சேர்க்கும் படகோட்டிக்குக் கூலியாக இறந்தவரின் வாயில் காசு வைப்பது கிரேக்கர் வழக்கம். அதன் பொருளை ஏற்று வைத்தார்களா, ஊரார் செய்ததைத் தாங்களும் செய்தார்களா என்பதை நாணயம் சொல்லாது.

ஆகவே ஐயா, தங்கள் மாணவர்களுக்குக் கல்திட்டைகளை விளக்கும்போதும் இந்த எச்சரிக்கையைச் சேர்த்துச் சொல்ல வேண்டுகிறேன். வட்டமான இடுதுளையோடு பலகைக்கற்களை நிறுத்தி, மேலே பெரும் மூடுகல்லை ஏற்றி வைத்த மக்கள் இறந்தோரைப் பெரிதும் மதித்தனர் என்பதை உறுதியாகச் சொல்லலாம். அந்த மதிப்பு மறுவாழ்வு நம்பிக்கையிலிருந்து மட்டுமே வரும் என்பதற்குக் கயபாவின் குடும்பக் கல்லறை நல்ல மாற்றுச் சான்று.

சதுசேயர் விதியை ஏற்கவில்லை என்று படித்தேன். ஊழ் என்று நாம் சொல்வதையா அவர்கள் மறுத்தனர்? வானதூதரையும் அவர்கள் ஏற்கவில்லை என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறதே?
– விவசாயி ஒருவர், பாலக்கோடு

முற்பிறவி வினையின் பயன் இப்பிறவியில் வந்து சேர்வதையே நாம் ஊழ் என்கிறோம். மறுபிறவிச் சிந்தனை சதுசேயர் விவாதத்தில் இல்லாததால் இரண்டும் ஒன்றல்ல. யோசேப்பஸ் தரும் படம் எளிமையானது: எல்லாம் விதிப்படி என்றனர் எசேனியர், சில விதியால், சில மனிதரால் என்றனர் பரிசேயர், விதி என்று ஒன்றே இல்லை, நன்மையும் தீமையும் மனிதர் தேர்வு, தீமையில் கடவுளுக்குப் பங்கு கிடையாது என்றனர் சதுசேயர். கிரேக்க, ரோம வாசகர்களுக்காக எழுதிய யோசேப்பஸ், யூதப் பிரிவுகளைக் கிரேக்கத் தத்துவப் பள்ளிகளைப் போல வரிசைப்படுத்திக் காட்டுகிறார் என்பதை மறக்கவேண்டாம். ஆனாலும் 'வாழ்வையும் சாவையும் உன்முன் வைத்திருக்கிறேன், வாழ்வைத் தேர்ந்துகொள்' என்னும் பொருள்பட மோசே பேசும் இணைச்சட்டம் 30ஆம் அதிகாரத்தோடு அந்தக் கொள்கை நன்றாகவே பொருந்துகிறது.

வானதூதரையும் அவர்கள் ஏற்கவில்லை என்று திருத்தூதர் பணிகள் 23ஆம் அதிகாரம் கூறுவதையும் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்நூலிலேயே வானதூதர்கள் வருவதால் இது விளங்கச் சற்றுக் கடினம். தானியேல் நூலில் காணும் பெயரும் பொறுப்பும் உடைய வானதூதர் படிநிலைகளை அவர்கள் ஏற்கவில்லை என்போர் உண்டு. இறந்தவர் எழுப்பப்படும்வரை வானதூதர் போலவோ ஆவியாகவோ வாழ்கின்றனர் என்பதையே மறுத்தனர் என்போரும் உண்டு. பின்னதே எனக்கு இயல்பாகப் படுகிறது. அந்த அதிகாரத்தில் தலைமைச் சங்கத்தின் முன் பவுல் கிளப்பிவிட்ட பூசலே இறந்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றியதுதான்.

தீர்ப்பு வழங்குவதில் சதுசேயர் இரக்கமற்றவர்கள் என்பது உண்மையா?
– வழக்கறிஞர் ஒருவர், ஓசூர்

மற்ற யூதரைவிட அவர்கள் தீர்ப்பில் கடுமையானவர்கள் என்பது யோசேப்பஸின் சொல். அவர் அதை எழுதும் இடம் கி.பி. 62இல் நடந்த ஒரு நிகழ்வு. ரோம ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவரான அல்பினுஸ் வந்து சேராத இடைவெளியில், சதுசேயரான தலைமைக் குரு இளைய அன்னா சங்கத்தைக் கூட்டி, இயேசுவின் சகோதரர் யாக்கோபையும் வேறு சிலரையும் சட்டத்தை மீறினர் என்று கல்லெறிந்து கொல்ல ஒப்புவித்தார். சட்டத்தில் நுணுக்கம் மிக்கவர்களாக நகரில் மதிக்கப்பட்டோரே இதை வெறுத்து முறையிட்டனர். இரண்டாம் அகிரிப்பா மூன்றே மாதத்தில் அன்னாவைப் பதவியிலிருந்து நீக்கினார்.

இதே அன்னாவைத் தம் முந்தைய நூலான யூதப் போர் வரலாற்றில் நீதிமான் என்றும், மக்களாட்சியை விரும்பியவர் என்றும் புகழ்ந்து, அவர் கொல்லப்பட்ட நாளே நகரின் வீழ்ச்சி தொடங்கிய நாள் என்றும் எழுதியவரும் யோசேப்பஸே. இரண்டையும் படித்தவர் எவரும் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டித் தீர்ப்புக் கூறமாட்டார்.

பொய்ச்சாட்சி பற்றிய வழக்கு தங்களுக்குச் சுவையாக இருக்கும். ஒருவனுக்கு மரண தண்டனை வாங்கித் தரச் சதிசெய்த பொய்ச்சாட்சிகளை எப்போது கொல்லலாம்? 'உயிருக்கு உயிர்' என்று எழுதியிருப்பதால் குற்றஞ்சாட்டப்பட்டவன் உண்மையிலேயே கொல்லப்பட்டிருந்தால் மட்டுமே என்றனர் சதுசேயர். பொய்ச்சாட்சி மற்றவனுக்குச் செய்ய எண்ணியதை அந்தச் சாட்சிக்கே செய்யவேண்டும் என்று எழுதியிருப்பதால், தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தாலே போதும் என்றனர் பரிசேயர். இவ்வழக்கில் சாட்சிக்கூண்டில் நின்றவனுக்குச் சதுசேயரின் கொள்கையே சற்றுச் சாதகம்.

அவர்கள் எப்போது தோன்றினர்? எப்படி மறைந்தனர்? இன்றும் அவர்கள் வழிவந்தோர் உள்ளனரா?
– கல்லூரி மாணவர் ஒருவர், காவேரிப்பட்டணம்

சாலமோன் காலத்துக் குருவான சாதோக்கின் பெயரோடு அவர்களைத் தொடர்புபடுத்துவதே பெரும்பான்மைக் கருத்து. வரலாற்றில் அவர்கள் தெளிவாகத் தென்படுவது, யூதேயாவின் ஆட்சியாளரும் தலைமைக் குருவுமான யோவான் ஹிர்கானுஸ் ஆண்ட கி.மு. 134–104 காலத்தில். விருந்து ஒன்றில் எலியாசர் என்பவர், தலைமைக் குருத்துவத்தை விட்டுவிட்டு ஆட்சியோடு நின்றுகொள்ளுமாறு ஹிர்கானுஸிடம் சொன்னார். ஹிர்கானுஸின் தாய் சிறைபிடிக்கப்பட்டிருந்தார் என்னும் வதந்தியைக் காரணம் காட்டினார். எலியாசருக்கு என்ன தண்டனை என்று கேட்டபோது கசையடியும் விலங்கும் போதும் என்றனர் பரிசேயர். அவர்களும் இதற்கு உடந்தை என்று யோனத்தான் என்னும் சதுசேயர் ஹிர்கானுஸின் மனத்தில் பதியவைக்க, ஆட்சியாளரின் ஆதரவு சதுசேயர் பக்கம் திரும்பியது. கி.மு. 76 முதல் 67 வரை ஆண்ட சலோமி அலெக்சாந்திரா என்னும் அரசி மீண்டும் பரிசேயரை உயர்த்தினார்.

கி.பி. 70இல் ரோமர் கோவிலை எரித்தபின் சதுசேயரைப் பற்றிய செய்தி ஏறத்தாழ நின்றுபோகிறது. பரிசேய மரபு தொழுகைக்கூடத்திலும் வீட்டு உணவு மேசையிலும் வாழக்கூடியது; வாய்வழி மரபால் புதிய சூழலுக்கேற்பச் சட்டத்தை விரித்துக்கொள்ளவும் வல்லது. பலிபீடமும் குருத்துவப் பணியும் அவற்றால் வந்த செல்வாக்கும் போனபின் சதுசேயருக்கு நிற்க இடமிருக்கவில்லை. உயிர்த்தெழுதல் இல்லை என்பவனுக்கு வரவிருக்கும் உலகில் பங்கில்லை என்று மிஷ்னா விதித்தபோது, மறுத்துப் பேச அந்தத் தரப்பில் எவரும் எஞ்சியிருக்கவில்லை.

வழிவந்தோர் என்று காட்டத்தக்க சமூகம் இன்றில்லை. 8ஆம் நூற்றாண்டு முதல், பாக்தாத்தில் வாழ்ந்த ஆனன் பென் தாவீதின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கராயீயர் என்னும் யூதப் பிரிவினர், வாய்வழிச் சட்டத்தை மறுத்ததால் புதிய சதுசேயர் என்று எதிரிகளால் இகழப்பட்டனர். ஆனால் கராயீயர் உயிர்த்தெழுதலை நம்புபவர்கள். இடையில் பல நூற்றாண்டு வெற்றிடமும் இருக்கிறது. நேரடி மரபு என்று சொல்ல இயலாது.

ஒரு பொருத்தம் மட்டும் வியப்பானது. பாஸ்கா விழாவை அடுத்து முதல் கதிர்க்கட்டைப் படைத்து, அந்நாளிலிருந்து 50 நாள் எண்ணி வாரங்களின் விழாவைக் கொண்டாடவேண்டும். 'ஓய்வுநாளுக்கு மறுநாள்' என்று லேவியர் 23 சொல்வதை ஞாயிற்றுக்கிழமை என்றே கொண்டனர், சதுசேயரோடு நெருங்கிய தொடர்புடைய போயத்தூசியர். பாஸ்காவின் முதல் நாளுக்கு மறுநாள் என்றனர் பரிசேயர். அதனால் கதிர் அறுக்கும் மாலையில், 'கதிரவன் மறைந்தானா?', 'இந்த அரிவாளாலா?', 'இந்தக் கூடையிலா?' என்று ஒவ்வொன்றையும் மூன்று முறை உரக்கக் கேட்டு, கூடியிருந்த மக்கள் 'ஆம்' என்று சொன்னபின்னரே அறுத்தனர். போயத்தூசியரை மறுப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று மிஷ்னா வெளிப்படையாகச் சொல்கிறது. கராயீயர் இன்றும் அவ்விழாவை ஞாயிற்றுக்கிழமையில்தான் கொண்டாடுகின்றனர்.